சூலியா தெருவில் குடம் ஏந்தியவர்கள்

பினாங்குக்கு நான் சண்டை போடத்தான் போனேன். ஊர் சுற்றிப் பார்க்கிற ஆசை எனக்கு எப்போதும் கிடையாது. அரசு மருத்துவமனையில் காலமெல்லாம் நின்றுகொண்டே வேலை பார்த்த நர்ஸுக்கு உட்கார ஒரு நாற்காலி கிடைத்தால் அதுவே காசி ராமேஸ்வரம். ஆனால் அந்த மன்றத்துக்காரர்கள் விடவில்லை. கப்பல் டிக்கெட்டை அவர்களே எடுத்து அனுப்பிவிட்டார்கள். சரி, நேரில் போய் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு வரலாம் என்று கிளம்பினேன்.

என்ன மன்றம் என்று சொல்ல வேண்டும். என் அண்ணன் ஒரு வாரப் பத்திரிகையில் மாயாஜாலத் தொடர்கதை எழுதினான். 'சத்தமில்லாச் சீமை' என்று பெயர். அதில் சாடையர் என்று ஒரு மலைக்கூட்டம் வரும். அவர்கள் வாயால் பேசமாட்டார்கள், கையால்தான் பேசுவார்கள். எந்தச் சொல்லுக்கு எந்த விரலை மடக்க வேண்டும், எங்கே தொட வேண்டும் என்று அண்ணன் வாராவாரம் விலாவாரியாக எழுதினான். தமிழ்நாட்டில் படித்தவர்கள் அடுத்த தொடர் வந்ததும் மறந்துபோனார்கள். பினாங்கில் மறக்கவில்லை. சாடைய ஆய்வு மன்றம் என்று ஒன்றைத் தொடங்கி, செயலாளர், பொருளாளர், ஆண்டுக்கூட்டம், ஆய்வுக் கட்டுரை என்று வருஷக்கணக்காக நடத்திக்கொண்டிருந்தார்கள். இல்லாத மலையின் இல்லாத பாஷைக்கு. அண்ணன் செத்துப்போனது அவர்களுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. தெரிந்ததும், அவன் குடும்பத்திலிருந்து யாராவது வந்து கூட்டத்தில் பேசியே ஆகவேண்டும் என்று பிடித்துக்கொண்டார்கள்.

அவர்களுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அண்ணன் எதையும் கற்பனை செய்யவில்லை. அது எங்கள் அக்காவின் பேச்சு.

அக்கா பெயர் பாக்கியம். என்னைவிட எட்டு வயது மூத்தவள். பிறவியிலேயே காது கேட்காது. எந்தப் பள்ளிக்கூடமும் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவளே கையால் ஒரு பேச்சை உண்டாக்கிக்கொண்டாள், நாங்கள் அதைப் படித்துக்கொண்டோம். மூக்குத்தி இருக்கும் இடத்தைத் தொட்டால் அம்மா. காதில் பென்சில் செருகுவது போல் காட்டினால் அண்ணன். இடது இடுப்பை இரண்டு தடவை தட்டினால் நான். ஏன் இடுப்பு என்று நான் கேட்டதில்லை. என் பெயர் சரோஜா என்பதற்கும் காரணம் கேட்டதில்லை.

தொடர் வந்துகொண்டிருந்தபோது எங்கள் தெருப் பையன்கள் அதைப் படித்துவிட்டு, அக்கா கடைக்குப் போகும்போது பின்னாலேயே கையை ஆட்டிக்கொண்டு போனார்கள். பாவம், அவள் முகம் மலர்ந்து திரும்பிப் பதில் சொன்னாள். வீட்டுக்கு வெளியே ஒருத்தர் தன்னோடு பேசியது அதுதான் முதல் தடவை என்று நினைத்துக்கொண்டாள். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றிலிருந்து அவள் தெருவில் கையை வெளியே எடுத்ததில்லை, முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொள்வாள். அன்றிலிருந்து நானும் அண்ணனோடு பேசவில்லை. அவன் சாகக்கிடந்தபோது மருந்து கொடுத்தேன். அது நர்ஸ் வேலை.

இப்போது உலகத்தில் அந்தப் பேச்சு தெரிந்தவர்கள் நானும் அவளும்தான். என் இதயத்தில் ஒரு வால்வு கெட்டுப்போயிருக்கிறது. நர்ஸிடம் டாக்டர்கள் பூசி மெழுக முடியாது, சொல்லிவிட்டார்கள். அக்காவிடம் நான் சொல்லவில்லை. நான் போய்விட்டால் அவளுக்குச் சோறு போட யாராவது கிடைப்பார்கள். பேச ஆள் கிடைக்கமாட்டார்கள். இந்தப் பாரத்தோடுதான் கப்பல் ஏறினேன். அவளை விட்டுவிட்டு வர இடம் இல்லாததால் கூடவே அழைத்துக்கொண்டேன். கூட்டத்தில் எழுந்து, "இது விளையாட்டுச் சாமான் இல்லை, ஒரு மனுஷியின் வாய். கடையைக் கட்டுங்கள்" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் என் திட்டம்.

கப்பலைப் பற்றிச் சொல்ல நல்லதாக எதுவும் இல்லை. டெக்கில் எல்லோரும் பாயை விரித்துப் படுத்திருந்தோம். பக்கத்துப் பாயில் ஓர் அம்மாள் மகள் வீட்டுக்கு மாவடு ஜாடிகள் கொண்டுபோனாள். ஓர் ஆட்டத்தில் ஒரு ஜாடி கவிழ்ந்து, அதற்குப்பின் பினாங்கு வரை ஊறுகாய்க்குள்ளேயே பயணம் செய்தது போல இருந்தது. அக்கா வாந்தி எடுத்தே ஓய்ந்துபோனாள்.

பினாங்கில் இறங்கியபோது அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு என் தோளில் சாய்ந்திருந்தாள். துறைமுக வாசலில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் ஒல்லி, வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு. இன்னொருவர் பருமன், கைலி, தொப்பி. இரண்டு பேருடைய இடது இடுப்பிலும் ஆளுக்கொரு பித்தளைக் குடம்.

"என்னங்க, ஊரில் தண்ணீர்ப் பஞ்சமா?" என்று கேட்டேன்.

ஒல்லியானவர் புண்பட்டுப்போனார். "அம்மா, இது மன்றத்தின் மரபு. தொடரின் முதல் வாரப் படத்தில் சுனையோரம் நிற்கும் சாடையப் பெண் இடுப்பில் குடத்தோடுதானே பேசினாள்? இடக்கை குடத்தை அணைத்திருக்கும். வலக்கை பேசும். குடம் இல்லாமல் நாங்கள் சாடையம் பேசுவதில்லை."

இவர்தான் செயலாளர் அம்பலவாணர். தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். ஏதோ அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பருமனானவர் பொருளாளர் காதர் பாய். சூலியா தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். மன்றத்தின் கூட்டமெல்லாம் அந்தக் கடை மாடியில்தான்.

"வாங்க தங்கச்சி, பசியாறியாச்சா?" என்றார் காதர் பாய். காலைச் சாப்பாட்டைப் பசியாறுவது என்று நாகூர் வீடுகளில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கடல் தாண்டி வந்து அதே வார்த்தையைக் கேட்டதும் கோபம் கொஞ்சம் இறங்கப் பார்த்தது. இறங்க விடவில்லை.

காதர் பாய் சாமான்களோடும் அக்காவோடும் வண்டியில் போக, செயலாளர் என்னை ஒரு சைக்கிள் ரிக்ஷாவில் ஏற்றினார். எங்கள் ஊரில் ரிக்ஷாக்காரர் முன்னால் இருப்பார். இங்கே பின்னால் இருந்து மிதிக்கிறார். நாம் முன்னால் உட்கார்ந்திருக்கிறோம். எது வந்து மோதினாலும் முதலில் சாவது நாம்தான். அம்பலவாணர் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு சாடையத்தின் ஒலியின்மை பற்றி எனக்குப் பாடம் நடத்தினார். ஒரு திருப்பத்தில் குடம் உருண்டு ஓடி பஸ் சக்கரத்துக்கு அடியில் போய் நின்றது. மனிதர் குதித்து, இரண்டு கையையும் விரித்து நடுச்சாலையில் நின்று பஸ்ஸை மறித்தார். டிரைவர் மலாய்மொழியில் கத்தினார். என்ன சொல்கிறார் என்று ரிக்ஷாக்காரச் சீனரிடம் கேட்டேன். "தண்ணி வேணும்னா குழாய்க்குப் போன்னு திட்டறான்" என்று உடைந்த தமிழில் சொன்னார். குடம் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. அம்பலவாணர் அதைக் குழந்தையைப் போலத் துடைத்தார்.

மத்தியானம் காதர் பாய் கடைச் சாப்பாடு. சோற்றைப் போட்டு, மீன் குழம்பு, கோழிக் குழம்பு, பருப்பு, இன்னும் என்னவோ எல்லாவற்றையும் அதன்மேலேயே கலந்து ஊற்றுகிறார்கள். "இது என்ன அநியாயம்? ஒவ்வொரு குழம்புக்கும் ஒரு ருசி இல்லையா?" என்றேன். "கலந்தாதான் லா ருசி" என்றார் காதர் பாய். இந்த ஊரில் பேச்சுக்குப் பேச்சு ஒரு 'லா' ஒட்டிக்கொள்கிறது. சாப்பிட்டுப் பார்த்தேன். ஒத்துக்கொள்ள மனமில்லை, ஆனால் இரண்டாம் தடவையும் வாங்கினேன். அக்காவுக்கு ஒரு பெரிய மீன் தலையை மாடி அறைக்கு அனுப்பினார்கள். அவளுக்கு இன்னும் தலை சுற்றல் தீரவில்லை. தொடாமல் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று என் தோளைப் பிடித்துத் திருப்பினாள். கண் இரண்டும் உருண்டு நின்றது.

"அந்தப் பெண்ணுக்கு மீன் தலை கிடைக்கவில்லை" என்று கையால் சொன்னாள்.

எந்தப் பெண் என்று எட்டிப் பார்த்தேன். எதிர்ச் சாரியில் இருபத்தெட்டு வயது இருக்கும் ஒரு பெண், இடது கையில் டிபன் கேரியரோடு நின்று, வலது கையால் காதர் பாயிடம் பேசிக்கொண்டிருந்தாள். நடுவில் லாரியும் மோட்டார் சைக்கிளும் இரைந்துகொண்டு போயின. "ஃபெர்ரி லேட். பசி. ஒரு மீன் தலைகூட இல்லையா?" என்கிறது அவள் கை. காதர் பாய் கீழே கடை வாசலில் நின்றபடியே, "தலை போச்சு. வால்தான்" என்கிறார். எங்கள் வீட்டுச் சமையலறையில் நடக்க வேண்டிய பேச்சு, ஒரு வெளிநாட்டுத் தெருவின் குறுக்கே நடக்கிறது.

நான் தடுப்பதற்குள் அக்கா முந்தானையிலிருந்து கையை எடுத்தாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு தெரு பார்க்கக் கையை எடுத்தாள். "என்னிடம் இருக்கிறது. மேலே வா."

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் சாலையைக் கடந்து, படியை இரண்டிரண்டாகத் தாண்டி மேலே வந்து, அக்காவுக்கு எதிரில் சப்பணமிட்டு உட்கார்ந்து, மீன் தலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"மெட்ராஸ்லயும் மன்றம் இருக்கா லா? சொல்லவே இல்லையே" என்று என்னிடம் கேட்டாள். "பெரியக்கா கை என்னா ஸ்பீடு! எத்தனை வருஷமா படிக்கிறாங்க?"

"அவளுக்கு எழுத்தே தெரியாது" என்றேன். "காதும் கேட்காது."

லெட்சுமி என்று பெயர். அக்கரை பட்டர்வொர்த்தில், மாக் மண்டின் என்ற இடத்துத் துணி ஆலையில் தறி ஓட்டுகிறாள். சின்ன வயதில் அப்பா சேர்த்துவைத்திருந்த பத்திரிகைகளைப் படித்துச் சாடையம் கற்றுக்கொண்டாளாம். மன்றத்துக்காரர்கள் அதை ஆராய்ச்சி செய்கிறார்கள், இவள் அதை வேலைக்கு எடுத்துக்கொண்டாள். தறிச் சத்தத்தில் காதில் எதுவும் விழாது. இடது கை எப்போதும் தறியில். பேச வலது கை மட்டும்தான் மிச்சம். கூட வேலை பார்க்கிற மலாய்ப் பெண்கள், சீனப் பெண்கள் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டாள். மூக்குத்தி இடத்தைத் தொட்டுக் காட்டினால் கதையில் மகாராணி. ஆலையில் அதற்கு அர்த்தம், "சூப்பர்வைசர் வர்றா, வேலையைப் பாரு." அது எங்கள் அம்மா என்று நான் அவளிடம் சொல்லவில்லை.

ஆனால் அவள் முட்டாள் இல்லை. தலையைச் சாப்பிட்டு முடிப்பதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. மீன் முள்ளைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அக்கா, இது பெரியக்காவோட பேச்சா?"

"கூட்டத்தில் நானே சொல்லிக்கொள்கிறேன். அதுவரைக்கும் வாயை மூடிக்கொண்டிரு" என்றேன்.

"வாயை மூடலாம்" என்று கையைப் பார்த்துக்கொண்டாள். "இதைத்தான் மூட முடியாது."

மறுநாள் அவளுக்கு விடுமுறை. தீவின் மறுபக்கம் பாலிக் புலாவில் தன் மாமா துரியான் பழத் தோட்டத்தில் கூலிக்கு இருக்கிறார் என்று எங்களை மஞ்சள் பஸ்ஸில் அழைத்துப் போனாள். வழியெல்லாம் அக்காவும் அவளும் பேசிக்கொண்டே வந்தார்கள். நான் பின்சீட்டில் தனியாக. அக்கா இவ்வளவு பேசுவாள் என்று எனக்கே தெரியாது. நான் சொல்லக் கூடாது என்று வைத்திருந்த குடும்ப விஷயமெல்லாம் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரியோடு நான் போட்ட சண்டையை நடித்தே காட்டினாள். கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தான்.

மலை ஏறும் வளைவில் பஸ் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி, அடியில் படுத்து, எழுந்து, எல்லோரையும் மேட்டுக்கு நடக்கச் சொன்னார். அங்கே காலி வண்டியை ஓட்டிவந்து ஏற்றிக்கொள்வாராம். நம் ஊராக இருந்தால் தள்ளச் சொல்லியிருப்பார்கள். நான் பாதி மேட்டில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். உதடு நீலம் பாரித்திருக்கும், எனக்குத் தெரியும். லெட்சுமி ஓடிவந்தாள். "என்னா செய்யுது?" என்று கேட்டாள். மறைக்கிற நிலையில் நான் இல்லை. வால்வு, டாக்டர், எல்லாவற்றையும் சொன்னேன். "அக்காவுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது."

"அய்யோ, நெஞ்சு கெட்டுப்போச்சா? இவங்களுக்குத் தெரியாதா? உங்களுக்கு ஒண்ணு ஆகிப்போச்சுன்னா இவங்க யார்கிட்ட பேசுவாங்க?" என்றாள் லெட்சுமி.

வாயால் சொன்னாள். ஆனால் ஆலைப் பழக்கம், கையும் கூடவே சொல்லிவிட்டது. நெஞ்சு. கெட்டது. தெரியாது. யாரோடு பேச. அக்கா என் பின்னால்தான் நின்றிருந்தாள்.

லெட்சுமி தன் வலது கையை இடது கையால் பிடித்து அமுக்கிக்கொண்டாள். நேரம் கடந்துவிட்டது. அக்கா வந்து என்னைத் தூக்கி நிறுத்தி, இடது கையை என் இடுப்பைச் சுற்றிப் போட்டு மேட்டுக்கு ஏற்றினாள். பஸ் வந்தபிறகும் அந்தக் கையை எடுக்கவில்லை.

துரியான் பற்றி ஊரெல்லாம் புகழ்கிறார்கள். எனக்கு அதன் வாடை ஆபரேஷன் தியேட்டரின் குப்பைத் தொட்டியை ஞாபகப்படுத்தியது. அக்கா ஒரு கையாலேயே ஒரு பழத்தைச் சாப்பிட்டு முடித்தாள். எனக்கு ஜாதிக்காய்ச் சாறு கொடுத்தார்கள். எங்கள் ஆஸ்பத்திரிக் கிழவிகள் வயிற்றுப்போக்குக்கு உரைத்துக் கொடுக்கிற சாமானை இங்கே சர்க்கரையும் ஐஸும் போட்டுக் குடிக்கிறார்கள். நன்றாகத்தான் இருந்தது. திரும்பும்போது லெட்சுமி முழு வழியும் அழுதுகொண்டே வந்தாள். "உன்மேல் தப்பில்லை, மூக்கைத் துடை" என்றேன். வேறு ஆறுதல் எனக்குச் சொல்லத் தெரியாது.

ஆண்டுக்கூட்டத்துக்கு மாடி நிறைந்துவிட்டது. குமாஸ்தாக்கள், இரண்டு ஆசிரியர்கள், ஒரு பல் டாக்டர், நாணயம் மாற்றுகிற கடைக்காரர்கள். ஒவ்வொருவர் இடுப்பிலும் ஒரு குடம். பித்தளை, அலுமினியம், பிளாஸ்டிக். பல் டாக்டர் அவசரத்தில் ஃபிளாஸ்க் கொண்டுவந்திருந்தார். அதற்கு அனுமதி உண்டா என்று தனியாக ஒரு விவாதம் நடந்தது.

முதல் தீர்மானம் லெட்சுமியுடையது. ஆலையில் உண்டான புதுச் சைகைகளையும் மன்றத்தின் அகராதியில் சேர்க்க வேண்டும் என்றாள். நூல் அறுந்தது, சம்பளம், ஓவர்டைம்.

"நூலில் இல்லை" என்றார் அம்பலவாணர்.

"எந்த நூல் ஐயா? தறி நூல்ல தினமும் இருக்கு லா."

"சாடையரின் மலையில் ஓவர்டைம் கிடையாது, லெட்சுமி."

"அதான் ஐயா எல்லாரும் அங்க போகணும்னு பாக்கறோம்."

மாடியே சிரித்தது. அம்பலவாணர் சிரிக்கவில்லை. தீர்மானத்தை ஒத்திவைத்துவிட்டு, சிறப்பு விருந்தினரை வரவேற்போம் என்றார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். சாடையர் கதையில் வணக்கம் சொல்வது எப்படியோ அப்படி, வலது கையைக் குறுக்கே கொண்டுபோய், இடுப்புக் குடத்தை இரண்டு தடவை தட்டினார்கள். பித்தளையும் பிளாஸ்டிக்குமாகச் சத்தம். 'என் செல்வமே' என்று அதற்குப் பொருள் என்று செயலாளர் விளக்கினார். பிறகு 'குடத்தின் தத்துவம்' என்ற தன் கட்டுரையை எடுத்தார். குடம் என்பது வெறுமை, குடம் என்பது கருப்பை, குடம் என்பது பிரபஞ்சம் என்று ஆரம்பித்தார்.

நான் எழுந்திருக்க வேண்டிய இடம் இது. நாலு வார்த்தையும் நாக்கு நுனியில் இருந்தது. அப்போது அக்கா என் தொடையைக் கிள்ளினாள். அவள் முகம் முழுக்கச் சிரிப்பு.

"எல்லோரும் உன்னைக் கூப்பிடுகிறார்கள். பதில் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறாயே" என்றாள்.

நான் அந்தக் குடங்களைப் பார்த்தேன். இடது இடுப்பு. இரண்டு தட்டு. என் பெயர்.

அம்மா வயல் வேலைக்குப் போவாள். என்னை எட்டு வயது அக்காதான் வளர்த்தாள். இடது இடுப்பில் என்னை வைத்துக்கொண்டேதான் தண்ணீர் எடுத்தாள், அடுப்பு ஊதினாள், சண்டை போட்டாள், பேசினாள். இறக்கிவிட்டால் நான் கத்துவேனாம். அது அவளுக்குக் கேட்காது, முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வாளாம். அதனால் இறக்கிவிடவே இல்லை. அவள் பேச்சு முழுவதும் ஒற்றைக் கையில் இருப்பது அதனால்தான். அண்ணன் கதையில் குழந்தையை எடுத்துவிட்டுக் குடத்தை வைத்துவிட்டான். எனக்கு இத்தனை வயதுக்குப் பிறகு, அந்த மாடியில் வைத்துத்தான் அது விளங்கியது.

எழுந்தேன். "அய்யா, நிறுத்துங்கள். அது குடமும் இல்லை, பிரபஞ்சமும் இல்லை. அது நான்" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். அக்காவின் பேச்சு, அண்ணனின் வேலை, தெருப் பையன்கள், முந்தானை. திட்டுவதற்கு என்று கொண்டுவந்த வார்த்தைகளையும் விடவில்லை, திட்டினேன். கடையைக் கட்டுங்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை. அக்கா அப்போது முன்வரிசைப் பல் டாக்டரிடம் ஃபிளாஸ்கில் என்ன இருக்கிறது என்று கேட்டு, அவர் காப்பி என்று சொல்லி, அவள் கொஞ்சம் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தாள். கடையை எப்படிக் கட்டச் சொல்வது?

அம்பலவாணர் மேடையிலிருந்து இறங்கி வந்தார். நசுங்கிய குடத்தோடு அக்கா முன்னால் நின்று, வலது கையால் மெதுவாக, பள்ளிப் பையன் ஒப்பிப்பதைப் போல, "தாயே, நலமா?" என்றார். அக்கா அவர் விரலைப் பிடித்துச் சரியாக மடக்கிவிட்டாள். பிறகு ஒரு பதில் சொன்னாள். உள்ளங்கையில் உருண்டை பிடித்து நீட்டுவது போல ஒரு சைகை.

"நூலில் இல்லை" என்றார் அம்பலவாணர், பழக்க தோஷம். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

"நூலை எழுதினவளே சொல்றா ஐயா!" என்று காதர் பாய் கத்தினார். "அது என்னா தங்கச்சி, எங்களுக்கும் சொல்லுங்க."

"சாப்பிட்டாயா என்று கேட்கிறாள். இளைத்துப்போயிருக்கிறீர்களாம்."

அம்பலவாணர் தன் கட்டுரையை நாலாக மடித்துக் குடத்துக்குள் போட்டார். "நாற்பது பக்கம்" என்று வருத்தத்தோடு என்னிடம் சொன்னார். பிறகு நிமிர்ந்து, செயலாளர் குரலில், லெட்சுமியின் தீர்மானத்தைத் தானே முன்மொழிவதாக அறிவித்தார். அதோடு இன்னொன்றும். இனி மன்றத்தின் ஆண்டுக்கூட்டம் நாகப்பட்டினத்தில், பாக்கியம் அம்மையார் இல்லத்தில்.

"என் வீட்டில் ஒரே ஒரு கக்கூஸ்தான் இருக்கிறது" என்றேன்.

"ரெண்டு ரெண்டு பேரா வர்றோம் லா" என்றாள் லெட்சுமி. "நான் முதல்ல. வருஷா வருஷம் வருவேன். நீங்க இருந்தாலும் வருவேன்." மேலே சொல்லாமல் நிறுத்திக்கொண்டாள். இந்தத் தடவை கையையும் நிறுத்திக்கொண்டாள். எனக்குப் புரிந்தது. அக்காவுக்கும் புரிந்தது.

புறப்படுகிற அன்று எல்லோரும் துறைமுகத்துக்கு வந்திருந்தார்கள். குடத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார்கள், அம்பலவாணரைத் தவிர. கை சும்மா இருந்தால் தனக்குப் பேச்சு வரவில்லை என்றார். லெட்சுமி அழவில்லை. மூக்கை மட்டும் உறிஞ்சினாள்.

கப்பல் நகர ஆரம்பித்ததும் டெக்கில் நின்ற எல்லோரும் கரையைப் பார்த்துக் கத்தினார்கள். கரையும் கத்தியது. எஞ்சின் இரைச்சலில் ஒருத்தர் சொன்னது ஒருத்தருக்குக் கேட்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் ஓய்ந்து, தொண்டை கட்டி, கைக்குட்டையை மட்டும் ஆட்டினார்கள். அக்கா மட்டும் பேசிக்கொண்டே இருந்தாள். கரையில் லெட்சுமியின் கை தெளிவாகத் தெரிந்தது. ஃபிளாஸ்க் எங்களிடம் இருக்கிறதா என்று பல் டாக்டர் கேட்கிறாராம். ஆமாம், என் பையில்தான் இருந்தது.

பக்கத்தில் நின்ற ஒருவர் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இந்த அம்மா சொல்றது அங்க போய்ச் சேருதா?" என்று என்னிடம் கேட்டார். சேருகிறது என்றேன். "அப்படின்னா கரையில நிக்கற என் பொஞ்சாதிகிட்ட, பச்சைச் சேலை, ஒரு சேதி சொல்லணும். வீட்டுச் சாவி என் சட்டைப்பையிலேயே வந்துடுச்சு."

அக்காவிடம் சொன்னேன். அவள் சொன்னாள். கரையில் லெட்சுமி திரும்பிப் பச்சைச் சேலையிடம் பேசினாள். பச்சைச் சேலை இரண்டு கையையும் வீசி நெடுநேரம் ஏதோ சொன்னாள். லெட்சுமி அதை அனுப்பினாள்.

"என்ன சொல்றா?" என்றார் அவர்.

"உங்களை எருமை மாடு என்கிறாள். பூட்டை உடைக்கப்போகிறாளாம்."

அவர் சிரித்துவிட்டார். அவருக்குப் பின்னால் ஒரு கிழவர் நின்றார். மகளிடம் ஒன்று சொல்ல மறந்துவிட்டாராம். அவருக்குப் பின்னால் மாவடுக்காரி, அவளும் இதே கப்பலில் திரும்புகிறாள், மருமகனுக்கு ஒரு எச்சரிக்கை அனுப்ப வேண்டுமாம். வரிசை நீண்டது. அம்மா, அக்கா என்று குழைந்தார்கள். சீக்கிரம், சீக்கிரம், கரை போகிறது என்றார்கள். நான் ஒவ்வொருவராக வாங்கி வாங்கிச் சொல்ல, அக்கா சளைக்காமல் அனுப்பினாள். காற்றில் அவள் முந்தானை பறந்துகொண்டிருந்தது, அதை இழுத்து மூடவில்லை.

என்னைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார் ஒருவர், அக்கா தாராளமாகக் கை வீசட்டும் என்று. அவள் என்னை விடவில்லை. இடது கை என் இடுப்பைச் சுற்றி இறுக்கமாக இருந்தது. பேசுவதற்கு அவளுக்கு ஒரு கை போதும்.